மலைச்சரிவில் ஸ்வேல் வெட்டலாமா? கீழ்ப்பழனி மலை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மூணு ஏக்கர் | செப்டம்பர் 3

வணக்கம். ரெண்டு வருஷம் முன்னால் கொடைக்கானல் பக்கம் பண்ணைக்காடு ஊருக்குக் கீழே 3 ஏக்கர் வாங்கினோம். பழைய அரபிகா காபி, மேலே நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, ஓரத்தில் கொஞ்சம் மலைவாழை, ஒரு கிழட்டுப் பலா. நான் கோயம்புத்தூரில் 14 வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவன். உள்ளங்கை இப்போதுதான் காய்ப்புக் காய்க்க ஆரம்பித்திருக்கிறது.

போன மாதம் சமவெளியில் ஒரு பெர்மாகல்ச்சர் (இயற்கையைப் பார்த்து, நிலைத்து நிற்கிற மாதிரி பண்ணை அமைக்கும் முறை) வகுப்புக்குப் போனேன். மழைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட நிலத்தைவிட்டு வெளியே போகக் கூடாது, அதற்கு முதல் வேலை ஸ்வேல் என்றார்கள். தெரியாதவர்களுக்கு: சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்து வெட்டும் நீளமான வாய்க்கால். தண்ணீர் ஓடாமல் அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும். ஆறு வரிசை, மூன்றடி ஆழம் என்று திட்டம் போட்டு, சுண்ணாம்புக் கோடும் போட்டுவிட்டேன்.

கீழ்க்காட்டு அண்ணன் மேலே வந்தார். சுண்ணாம்புக் கோட்டோடு நடந்து பார்த்துவிட்டு, “தம்பி, இந்தத் தண்ணிய எங்க விடப் போறீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கேயும் போகாதுண்ணே, மண்ணுக்குள்ளேயே இறங்கிடும் என்றேன். பதில் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள் (நிலம் அவள் பேரில்). யார் சொல்வது சரி? ஐப்பசி மழைக்கு முன்னால் முடிவு எடுக்க வேண்டும்.


பச்சை மிளகு | செப்டம்பர் 3

தயங்காமல் வெட்டுங்கள் சகோ. 1978ல் மாலிசனும் ஹோம்கிரனும் ஆஸ்திரேலியாவில் பெர்மாகல்ச்சர் என்ற சொல்லை அச்சுக்குக் கொண்டு வந்ததிலிருந்து உலகம் முழுக்க வறண்ட நிலத்தில் ஸ்வேல் வேலை செய்து காட்டியிருக்கிறது. ஊற்று திரும்ப வரும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் எப்போதும் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். எங்கள் ஊரில் மூடாக்கு (சருகால் மண்ணை மூடுவது) போட்டதற்கே என்னைப் பைத்தியம் என்றார்கள்.


கீழ்மலை | செப்டம்பர் 4

தம்பி மூணு ஏக்கர், சரிவு எவ்வளவு? மண் எவ்வளவு ஆழம்? இது ரெண்டும் தெரியாமல் வெட்டு என்பதும் தப்பு, வெட்டாதே என்பதும் தப்பு. சுண்ணாம்புக் கோடு மழையில் கரையட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

பச்சை மிளகு தம்பிக்கு: “வறண்ட நிலத்தில்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள்.


ரசமட்டம் | செப்டம்பர் 4

பொதுப்பணி வேலையில் 30 வருஷம் சாலை, தடுப்புச் சுவர், கல்வெட்டு பார்த்தவன். (கல்வெட்டு என்றால் சாலைக்கு அடியில் தண்ணீர் போகிற பாலம். சோழர் காலத்துது இல்லை.)

சரிவு அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) இருக்கும். அதோடு ஒரு நீளக் கயிறு, தூக்குக்குண்டு. மேலே ஓர் இடத்தில் கயிற்றைத் தரையோடு பிடித்து, மட்டமாக 10 அடி வெளியே இழுத்து, அந்த நுனியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரை எத்தனை அடி கீழே இருக்கிறது என்று பாருங்கள். அதே மாதிரி பத்துத் தடவை இறங்கிக்கொண்டே வாருங்கள். மொத்தம் 100 அடிக்கு இறக்கம் 27 அடி என்றால் சரிவு 15 டிகிரி. அதற்கு மேல் போனால் நின்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் கடப்பாரையால் நாலைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். பாறை எத்தனை அடியில் தட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 1 ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். உங்கள் 3 ஏக்கருக்கு 12 லட்சம். 12,000 லிட்டர் லாரியில் நூறு லோடு. எடை 1,200 டன். ஐப்பசியில் ஒரே ராத்திரியில் 100 மில்லிமீட்டர் மலைக்குப் புதுசு இல்லை. அத்தனையையும் சரிவின் முதுகில் ஏற்றி நிறுத்தி வைப்பேன் என்கிறீர்கள். மண் நனைந்தால் எடை கூடும், பிடிமானம் குறையும். கீழே பாறை இருந்தால் தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே எண்ணெய் தடவின மாதிரி பரவும். அப்புறம் மண் மொத்தமும் கீழ்க்காட்டு அண்ணன் வீட்டுக்கு விருந்துக்குப் போகும்.


மூணு ஏக்கர் | செப்டம்பர் 6

அளந்தேன். 100 அடிக்கு 38 அடி. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 21 டிகிரி. மேற்குப் பக்கம் கொஞ்சம் சாந்தம், 100க்கு 20. கடப்பாரை மூன்று இடத்தில் மூன்றடியில் ‘டங்’ என்றது, ஓர் இடத்தில் ஒன்றரை அடியிலேயே. வாழை நிற்கிற இடத்தில் மட்டும் ஐந்தடி போயும் தட்டவில்லை.

வகுப்பில் சரிவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்கள் பயிற்சிக்கு வெட்டின நிலம் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருந்தது.


ரசமட்டம் | செப்டம்பர் 6

சுண்ணாம்பு வாங்கின காசு போனது என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டாதீர்கள். ஜே.சி.பி. யோசனை இருந்தால் அதையும் விடுங்கள். மலையில் மண் அள்ளும் வண்டி இறக்க அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து வைத்துவிடுவார்கள். அந்தச் சட்டம் சும்மா வரவில்லை.


பச்சை மிளகு | செப்டம்பர் 6

2024 ஜூலையில் வயநாடு முண்டக்கை, சூரல்மலையில் நடந்ததைப் பார்த்த பிறகு எல்லாரும் எதற்கெடுத்தாலும் நிலச்சரிவு என்கிறார்கள். அங்கே யாரும் ஸ்வேல் வெட்டவில்லையே.


ரசமட்டம் | செப்டம்பர் 6

சரிதான், வயநாட்டை நானும் இழுக்கவில்லை. அது மேலே காட்டுக்குள் உடைந்து ஆற்றோடு வந்தது, வேறு கணக்கு. நான் பேசுவது 3 ஏக்கரில் மனுஷன் கையால் செய்கிற சின்னச் சரிவை. பேப்பரில் வராது. ஆனால் கீழே ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தால் அதற்கு அது போதும்.


கோத்தகிரிக் குளிர் | செப்டம்பர் 7

2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையில் 40 பேருக்கு மேல் செத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு தேயிலைக் காடு. அதற்கு முந்தின கோடையில்தான் காய்கறி போடலாம் என்று ஒரு பகுதித் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மட்டமாகச் செதுக்கியிருந்தார்கள். மழை மூன்றாவது நாள், வாசலில் எப்போதும் தெளிவாக வருகிற ஊற்று டீ மாதிரி கலங்கி வந்தது. என் மாமியார் அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மாட்டை அவிழ்த்தார், பிள்ளைகளைக் கிளப்பினார், நாங்கள் எதிர்மேட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டோம். ராத்திரி கொட்டகையும் சமையலறையும் போனது.

அதனால் சொல்கிறேன் தம்பி. தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினாலோ, ஊற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கசிந்தாலோ, மேட்டில் பிறை மாதிரி விரிசல் தெரிந்தாலோ, நேராக நின்ற மரம் சாய ஆரம்பித்தாலோ அங்கே நிற்காதீர்கள். உங்கள் கீழ்க்காட்டு அண்ணன் கேட்ட கேள்வி பயமுறுத்தல் இல்லை. அவர் வீடு எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா?


மூணு ஏக்கர் | செப்டம்பர் 7

பார்த்தேன் அக்கா. என் நிலத்தின் கீழ் வரப்பிலிருந்து 60 அடி. நேர் கீழே.


பச்சை மிளகு | செப்டம்பர் 8

சரி, ஸ்வேல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். செங்குத்துச் சரிவைக் காடாக விடு என்பதும் பெர்மாகல்ச்சர் பாடம்தான், அந்தப் பக்கத்தை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன். ஆனால் “வெட்டாதே” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் எப்படி? மார்ச்சில் காபி வாடும்போது இவர் என்ன செய்வது?


கீழ்மலை | செப்டம்பர் 9

நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா காலத்தில் காபிச் செடிக்கு நடுவே நடுவே தொட்டில் மாதிரி குழி எடுப்போம். ஒரு முழ ஆழம், ஒரு ஆள் படுக்கிற நீளம், அவ்வளவுதான். அடுத்த குழி அதற்கு நேர் கீழே வராது, செங்கல் வரிசை மாதிரி மாறி மாறி வரும். நிரம்பினால் வழிந்து அடுத்ததற்குப் போகும். அதில் சருகு விழுந்து மட்கும். வருஷம் ஒரு தடவை அள்ளிச் செடி மூட்டில் போடுவோம். ஒரு குழி உடைந்தால் ஒரு கூடை மண் போகும். நீங்கள் வெட்ட நினைத்த 200 அடி வாய்க்கால் ஓர் இடத்தில் உடைந்தால் 200 அடித் தண்ணீரும் அந்த வாய் வழியாகத்தான் வரும்.

ரெண்டாவது கல் கட்டு. சிமெண்ட் இல்லாமல் கல்லோடு கல் கோத்துக் கட்டினது. இடுக்கு வழியாகத் தண்ணீர் கசிந்துவிடும், மண் நிற்கும். புதுசாக வந்தவர்கள் அழகுக்காக சிமெண்ட் பூசுகிறார்கள். ரெண்டு மழையில் சுவர் வயிறு தள்ளும், மூன்றாவதில் பிரசவம்.

மூன்றாவது ஓடை. ஒவ்வொரு காட்டிலும் மழைத் தண்ணீருக்கு ஒரு பழைய வழி இருக்கும். அதில் யாரும் செடி வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். தம்பி, உங்கள் காட்டில் அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்களுக்கு விற்றவருக்குத் தெரியும், சொல்லியிருக்க மாட்டார்.

அப்புறம் நிழல். அரபிகாவுக்கு வெயில் கூடினால் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் பூச்சி ஏறும். எங்களுக்குக் கலப்பு நிழல் இருந்தது: பலா, முள்முருங்கை, காட்டு மரம் ரெண்டொன்று. முள்முருங்கை இலை மாதிரி எரு கிடையாது, மிளகுக் கொடிக்கும் அதுதான் தாய். 2005 வாக்கில் ஒரு சின்னக் குளவி வந்து குருத்தையெல்லாம் முண்டும் முடிச்சுமாக்கி, மரம் மரமாகக் காய்ந்தது. அந்த இடத்தில் எல்லாரும் சில்வர் ஓக்கை வைத்தோம். சீக்கிரம் வளரும், கேட்டபோது பணம். அதுவும் ஆஸ்திரேலியச் சரக்குதான், உங்கள் பெர்மாகல்ச்சர் மாதிரி.

2018 நவம்பர் 16, கஜா. நடு ராத்திரி தாண்டி வேதாரண்யம் பக்கம் கரையேறினது, அன்றைக்கே எங்கள் தலையில். புயல் கடற்கரைக்காரர் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சில்வர் ஓக் எல்லாம் நடு உயரத்தில் தீக்குச்சி மாதிரி முறிந்து, பழுத்து நின்ற காபி மேலேயே விழுந்தது. என் காட்டில் பலா கிளையைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டது.

சாலை மூடிப் போச்சு. கரண்ட் பதினோரு நாள் இல்லை. அரிசி தீரவில்லை, தீர்ந்தது தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும். வாழைத்தாரும் சேனைக்கிழங்கும் சௌசௌவும் எல்லார் வீட்டிலும் இருந்தது. மருந்துதான் பெரிய பாடு. என் அண்ணிக்கு சர்க்கரை மாத்திரை தீர்ந்தபோது, கழுதைமேல் ஆரஞ்சு இறக்கின பழைய பாதையைக் கண்டுபிடித்து இறங்கிப் போய் வாங்கி வந்தது ஒரு பளியர் (மலைப் பழங்குடி) பையன். எங்கள் பிள்ளைகள் யாருக்கும் அந்தப் பாதை தெரியவில்லை. இப்போது வருஷம் ஒரு நாள், புரட்டாசியில், வீட்டுக்கு ஒரு ஆள் போய் அந்தப் பாதையின் உண்ணிச்செடியை வெட்டிவிட்டு வருகிறோம்.


ஆரஞ்சுத்தோட்டம் | செப்டம்பர் 9

கீழ்மலை ஐயா ஆரஞ்சு என்றதும் மனசு என்னவோ பண்ணிவிட்டது. எங்கள் பாட்டி வீட்டுத் தோட்டத்தில் ஆரஞ்சு நான் பார்த்திருக்கிறேன், என் பிள்ளைகள் பார்த்ததில்லை. நோயில் அடியோடு போனது.

மலைவாழை கதையும் அதே. 1970களில் கீழ்ப்பழனியில் 18,000 ஹெக்டேர் மலைவாழை இருந்தது என்பார்கள். முடிக்கொத்து நோய் வந்து 2,000த்துக்கு இறங்கியது. இலை மேலே குறுகிக் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. பரப்புவது அசுவினிப் பூச்சி. விருப்பாச்சி, சிறுமலை ரெண்டு வாழைக்கும் 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான் வேண்டும். குறியீடு இருக்கிறது, தார் கொஞ்சம்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. நோய் இல்லாத திசு வளர்ப்புக் கன்றாக வாங்கித்தான் 2 ஏக்கரில் வைத்தேன். மூன்றாம் வருஷம் நோய் வந்துவிட்டது. நான் பிடுங்குகிறேன், பக்கத்துத் தோட்டக்காரர் பிடுங்கவில்லை, அவர் ஊருக்கே வருவதில்லை. அசுவினிக்குப் பட்டா எல்லை தெரியுமா? கடைசியில் எங்கள் மகளிர் குழுவில் பேசி, ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் நாலு பேர் ஒன்றாக ஆறு தோட்டம் நடந்து பார்ப்பது என்று வைத்தோம். நோய் மரம் கண்டால் முதலில் அசுவினிக்கு மருந்து, அப்புறம்தான் கிழங்கோடு பறிப்பு. பறித்துவிட்டு மருந்தடித்தால் பூச்சி அடுத்த மரத்துக்குக் குடிபோய்விடும். வராத ஆள் நிலத்திலும் போனில் கேட்டுவிட்டு நாங்களே பறிக்கிறோம்.


கொல்லிச்சாரல் | செப்டம்பர் 10

கொல்லிமலையிலிருந்து ஒரு குரல். உங்களுக்காவது கஜா சமயத்தில் வாழையும் சேனையும் இருந்தது. எங்கள் மேட்டில் சாமை, தினை, கேழ்வரகு போட்ட காடெல்லாம் மரவள்ளி ஆகிவிட்டது. ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற கிழங்கு. மழை பெய்து 70 கொண்டை ஊசியில் எங்காவது பாறை விழுந்தால் கிழங்கு மேலே கிடக்கும், ரேஷன் அரிசி கீழே கிடக்கும்.

சாமையை ஏன் விட்டோம் என்று பட்டணத்தில் எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். குத்தினது யார்? எங்கள் அம்மா ஒரு வேளைச் சோற்றுக்கு உரலில் ரெண்டு மணி நேரம் குத்துவார். சாமைத் தோல் அவ்வளவு லேசில் போகாது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கி அது இது என்று வேலை செய்தது. என்னைக் கேட்டால் விதையைவிடத் தோல் நீக்கும் மிஷின்தான் சாமையைக் காப்பாற்றியது என்பேன். மிஷின் வந்த ஊரில் சாமை கொஞ்சம் நின்றது. பெண்கள் முதுகை மறந்துவிட்டுப் போடுகிற எந்தப் பெர்மாகல்ச்சர் திட்டமும் மலையில் ரெண்டு வருஷம்தான்.

மூணு ஏக்கர் தம்பி, உங்கள் வீட்டம்மா கையெழுத்துப் போடாதது நல்லதாயிற்று.


மூணு ஏக்கர் | செப்டம்பர் 10

அதைக் காட்டினேன். படித்துவிட்டு இழையை முழுக்கப் படிக்கப் போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொரு சந்தேகம். பலா, வெண்ணெய்ப்பழம், சேனை எல்லாம் கலந்து உணவுக்காடு மாதிரி வைக்கலாமா? பலா நெருக்கமாக வைக்கச் சொல்கிறார்கள்.


கீழ்மலை | செப்டம்பர் 10

ஆனிமாதம் பலா பழுக்கிற வாசத்துக்கு யானை வரும். ஒரு மரம் பழுத்தால் ஒரு யானை, பத்து மரம் பழுத்தால் குடும்பத்தோடு. வீட்டிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வையுங்கள், பழுக்கிறதுக்கு முன்னால் காயாக இறக்கி விற்றுவிடுங்கள். உங்கள் கிழட்டுப் பலா வீட்டுக்கு எத்தனை அடியில் இருக்கிறது? அதற்கும் கயிறு பிடித்துப் பாருங்கள்.


பச்சை மிளகு | செப்டம்பர் 11

யானைக்குப் பயந்து பலாவே வைக்கக் கூடாதா? சோலார் வேலி போட்டால்?


ஆரஞ்சுத்தோட்டம் | செப்டம்பர் 11

நீங்கள் வேலி போட்டால் யானை எங்கள் காட்டு வழியாகச் சுற்றிப் போகும் தம்பி. போட்டவர்களிடம் சண்டை போட்டுப் பழகிவிட்டது எங்களுக்கு.


மட்டுறுத்துநர் | செப்டம்பர் 11

வேலிப் பேச்சுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே தண்ணீரும் மண்ணும் மட்டும்.


மூணு ஏக்கர் | செப்டம்பர் 21

ஓடை கிடைத்தது! கீழ்க்காட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் பிடிகொடுக்கவில்லை, டீ குடித்துவிட்டு வந்தார். எனக்கு விற்றவர் அந்த ஓடையை மண் போட்டு மூடி 40 காபிச் செடி வைத்திருக்கிறார். நன்றாகக் காய்க்கிற 40 செடி, அதுதான் கொடுமை. மூன்று மழைக்காலமாக அந்தத் தண்ணீர் அண்ணன் கொட்டகைக்குப் பின்சுவரில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. “முன்னாடி இருந்தவர்கிட்ட சொன்னேன், கேக்கல. நீங்களும் வாய்க்கா வெட்டக் கோடு போட்டீங்க, இனி பேசி என்னன்னு இறங்கிட்டேன்” என்றார்.

செடியைப் பிடுங்கிவிட்டோம். மாற்றாள் வேலையாகச் செய்தோம்: ரெண்டு நாள் அவர் வீட்டில் மூன்று பேர் என் பக்கம், ரெண்டு நாள் நாங்கள் ரெண்டு பேரும் அவர் பக்கம். (கணக்கு உதைக்கிறது, இன்னும் ரெண்டு ஆள் வேலை நான் பாக்கி. காபி எடுப்புக்கு வரச் சொல்லிவிட்டார்.) ஓடையில் படி படியாகக் கல் அடுக்கினோம், தண்ணீர் குதித்து வேகம் குறைகிற மாதிரி. தொட்டில் குழி மேற்குச் சாந்தச் சரிவில் மட்டும் 30 எடுத்தேன்.


மூணு ஏக்கர் | நவம்பர் 2

மூன்று நாள் மழை. நேர் பக்கமுள்ள டப்பா ஒன்றை வெட்டவெளியில் வைத்து ஸ்கேலால் அளந்தேன்: ரெண்டாம் நாள் ராத்திரி மட்டும் 118 மில்லிமீட்டர். தூங்கவில்லை. ஒரு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனால், கீழேயிருந்து இன்னொரு டார்ச் மேலே வந்துகொண்டிருக்கிறது. அண்ணன்தான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். தண்ணீர் படிக்கல்லில் விழுந்து விழுந்து ஓடையோடேயே போனது. ரெண்டு கல் புரண்டிருக்கிறது. கொட்டகைப் பின்சுவர் காய்ந்தே இருந்தது என்று காலையில் அண்ணி சொன்னார்.

குழிகள் நிரம்பின, ரெண்டு உடைந்தது. கீழ்மலை ஐயா சொன்ன மாதிரி ஆளுக்கொரு கூடை மண்.

ஒரே ஒரு பிரச்சினை. கிழக்குப் பக்கப் பழைய கல் கட்டு ஆறடி நீளத்துக்கு வயிறு தள்ளி நிற்கிறது. சிமெண்ட் பூசாமல் கல் கோக்கத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா?


கீழ்மலை | நவம்பர் 2

இருக்கிறார், என் மச்சான்தான். ஆனால் தை வரைக்கும் காபி எடுப்பு, ஆள் கிடைக்க மாட்டார். அதுவரை அந்த இடத்துக்கு மேலே தண்ணீர் தேங்காமல் பக்கவாட்டில் ஒரு சின்ன வழி வெட்டி ஓடைக்குத் திருப்புங்கள். மழை நாளில் சுவருக்குக் கீழே யாரையும் நடக்க விடாதீர்கள். சரிந்த கல்லைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம், அதே கல்தான் திரும்ப வேண்டும்.